கித்தேரியம்மாளுக்கு ஒரு வண்டி

எங்கள் வண்டிக்காரன்புதூரில் லாரி இல்லாத வீட்டில் டிரைவர் இருப்பார், டிரைவர் இல்லாத வீட்டில் பஞ்சர் ஒட்டுகிறவராவது இருப்பார். காஷ்மீரத்துப் பனியில் வண்டி ஓட்டியவர்களும் அசாம் வெள்ளத்தில் மூன்று நாள் கேபினுக்கு மேல் உட்கார்ந்திருந்தவர்களும் உள்ள ஊர் இது, ஆனால் துறைமுகத்துக் கதவு வரைக்கும் போய்ச் சரக்கை இறக்கிவிட்டு அடுத்த லோடு அவசரத்தில் கடலைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிற ஊரும் இதுதான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மாசி மாதத்து வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, சம்பூரணத்தின் எடைமேடையின் மேல், ஐம்பதடி நீளமுள்ள மீன்பிடிப் படகு ஒன்று வந்து நின்றது. சரக்கு லாரிகளை ஏற்றி நிறுத்தி எத்தனை டன் என்று பார்க்கிற இரும்பு மேடை அது. முன்னால் நின்ற நெல் லாரிக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டுச் சம்பூரணம் நிமிர்ந்தபோது லாரி போயிருந்தது, படகு இருந்தது. அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பதினாறு வருடப் பழக்கத்தில், "லோடா, காலியா?" என்று கேட்டாள்.

படகிலிருந்து பதில் இல்லாததால் அவளே இறங்கி வந்து சுற்றிப் பார்த்தாள். நீலமும் மஞ்சளுமாகப் பெயிண்ட் உரிந்த மரப்படகு, அடியில் சிப்பி ஒட்டியிருந்தது, முட்டுக்கொடுக்க ஒரு கட்டைகூட இல்லாமல் நேராக நின்றது, மூக்கில் 'கித்தேரியம்மாள்' என்று எழுதியிருந்தது. எந்த வழியாக வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் வந்த வண்டியைப் பார்த்து எப்படி வந்தாய் என்று கேட்கிற வழக்கம் இல்லை. எப்போது கிளம்புவாய் என்றுதான் கேட்போம்.

உள்ளே மேஜைமேல் இருந்த சின்னப் பெட்டியில் எடை இரண்டு டன் என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. அவ்வளவு பெரிய படகுக்கு இரண்டு டன் குறைச்சல்தான். எதிர்க்கடையில் அப்போது டீக் குடித்துக்கொண்டிருந்த ராயன் படகைப் பார்த்தார், பாதி டீயை அப்படியே வைத்தார், தன் லாரியில் ஏறினார், அன்றைக்கு அவருக்கு லோடே கிடையாது என்றாலும் வடக்கே கிளம்பிப் போய்விட்டார். அவர் போகப் போக மேஜைமேல் எண் ஏறியது. சேலம் தாண்டியிருப்பார் என்ற நேரத்தில் மூன்று டன். தர்மபுரி தாண்டும் நேரத்தில் நாலு. சம்பூரணம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள், பிறகு எழுந்து, சாலையைப் பார்த்து எல்லோருக்கும் எடை காட்டுகிற வெளிப்பலகையின் சுவிட்சை அணைத்தாள். கேட்டவர்களிடம் பலகை பழுது என்றாள்.

இந்த ராயனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு துணிப்பையோடு வந்து வேலை கேட்டவர், சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம் என்றார், நாங்களும் நம்பினோம், திண்டுக்கல்காரர் யாராவது கயிற்றில் அப்படிப் படகுக்காரர் முடிச்சுப் போடுவார்களா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாதத்துக்கு இரண்டு முறை எடைமேடைக்கு வருவார். மற்ற டிரைவர்கள் கேபினிலேயே உட்கார்ந்து ஹாரன் அடிப்பார்கள். அவர் இறங்கி வந்து ஜன்னலில் நின்று சீட்டை வாங்குவார், நாக்பூர் ஆரஞ்சோ அசாம் தேயிலையோ ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். சம்பூரணமோ இரண்டு ஜாதகம் தட்டிப்போய், மூன்றாவதைத் தானே தட்டிவிட்டு, அப்பா வைத்துவிட்டுப் போன எடைமேடையோடு முப்பத்தொன்பது வயதில் நிம்மதியாக இருந்தவள். ஊரில் உள்ள அத்தனை டிரைவரையும் அண்ணா என்று கூப்பிடுகிறவள், ராயனை மட்டும் 'ஏனுங்க' என்றே கூப்பிட்டாள். அதைக் கேட்டே எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அவர்கள் இரண்டு பேருக்குத்தான் விளங்கவில்லை.

ஆக, படகு வந்த முதல் நாளே, அது யாருக்காக வந்தது என்று அவளுக்குத் தெரியும். படகு போனால் அந்த ஆளும் அதோடு போய்விடுவார் என்றும் தெரியும். அதனால்தான் பலகையை அணைத்தாள்.

ஊர் படகைப் பழக எட்டு நாள் ஆனது. முதலில் மாடுகள் பழகின. மேய்ச்சலுக்குப் போகிற வழியில் வரிசையாக நின்று படகின் வயிற்றை நக்கும், பல வருட உப்பு ஊறிய பலகையல்லவா, பால் கூடுதலாகக் கறப்பதாகப் பெண்கள் சொன்னார்கள், பிறகு அந்தப் பெண்களே படகின் மேல்தட்டு சமமாக இருக்கிறது, நாய் ஏறாது என்று மிளகாயையும் தேங்காய்ப் பருப்பையும் அங்கே காயப்போட்டார்கள், காயப்போட்ட மிளகாயில் உப்புத் தானாகவே சேர்ந்துவிடுவதால் அந்த வருடம் ஊறுகாய்க்கு உப்புப் போடவில்லை. லாரிக்குப் படம் எழுதுகிற பெயிண்டர் யாரும் கேட்காமலேயே வந்து பின்பக்கத்தில் இரண்டு தாமரையும் 'ஒலி எழுப்பவும்' என்ற வாசகமும் எழுதிவிட்டுப் போனார். அமாவாசைக்கு எல்லா வண்டிக்கும் எலுமிச்சம்பழம் கட்டும்போது படகுக்கும் ஒன்று கட்டினோம். வரி கேட்க ஓர் அதிகாரி வந்தார். சக்கரம் இல்லாததால் இது வாகனம் இல்லை, தண்ணீர் இல்லாததால் இது படகும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மோர் குடித்துவிட்டுப் போனார். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்ற பழமொழியை ஆளாளுக்கு, புதிதாகத் தாமே கண்டுபிடித்ததுபோல, ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னார்கள். கடைசியில் லாரி உரிமையாளர் சங்கத்தில் கூட்டம் போட்டு, இனி அதைச் சொல்கிறவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் செய்தோம்.

எல்லாம் சரி, ஆனால் எடைமேடை படகுக்கடியில் இருந்தது. சுற்றுவட்டத்தில் வேறு எடைமேடை இல்லாததால், சரக்கு லாரிகள் எடை போட முப்பது கிலோமீட்டர் சுற்றிப் போயின. ஆகவே படகை அதன் கடலுக்கே இழுத்துக் கொண்டுபோய் விடுவது என்று முடிவானது. எந்தக் கடல் என்பதில் சிக்கல் இல்லை. கித்தேரியம்மாள் என்று பெயர் வைக்கிறவர்கள் தெற்கே கடலோரத்துக் கிறிஸ்தவர்கள்தான் என்று ஊர் உபதேசியார் சொன்னார். எந்த வண்டியில் இழுப்பது என்பதில்தான் சிக்கல். எங்கள் ஊரில் இதைவிட இனிப்பான பேச்சு வேறு உண்டா? பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போதுகூட இவ்வளவு பேர் இவ்வளவு நாள் பேசியதில்லை. எத்தனை சக்கரம், எத்தனை குதிரை சக்தி, முன் இழுப்பா பின் இழுப்பா, எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்று டீக்கடை பெஞ்சு தேயத் தேயப் பேசினோம்.

ஜமால் மேஸ்திரியின் பட்டறையில் பதினாறு சக்கரம் வைத்த தாழ்வான தள்ளுமேடை ஒன்று தயாரானது. ஜாக்கி வைத்து அங்குலம் அங்குலமாகத் தூக்கி அதைப் படகுக்கடியில் நுழைத்தோம், படகு அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. தள்ளுமேடையின் கனத்தைச் சம்பூரணம் பெட்டியில் கழித்து வைத்தாள். சங்கத் தலைவர் சென்னிமலை தன்னுடைய பத்துச் சக்கர லாரியைக் கொண்டுவந்து, சங்கிலி பூட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி, "எத்தனைடா அம்மிணி?" என்று கேட்டார். இருபது டன் இழுக்கிற வண்டி அது.

"இருபத்திரெண்டுங்க மாமா," என்றாள் சம்பூரணம்.

அன்றைக்கு ராயன் நாக்பூரில் இருந்தார். லாரி உறுமியது, புகைந்தது, முன்சக்கரம் தரையைவிட்டு ஒரு முழம் எழும்பியது, படகு அசையவில்லை. அடுத்த வாரம் பன்னிரண்டு சக்கர வண்டி வந்தது, முப்பது டன் இழுக்கும். ராயன் போபால் தாண்டியிருந்தார். படகு முப்பத்திரண்டு காட்டியது. ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற வண்டியைப் பெருமையோடு கொண்டுவந்தார்கள், பூமியை ஆயிரத்தி இருநூறு அடி துளைக்கிற வண்டி, அதன் சங்கிலி அறுந்து பஞ்சர் கடையின் கூரை போனது. இரண்டு லாரியைச் சேர்த்துக் கட்டினார்கள், மூன்றைக் கட்டினார்கள், கட்டக் கட்டப் படகு ஒன்றிரண்டு டன் கூடுதலாகவே நின்றது. வண்டியைப் பார்த்துப் பார்த்துத்தான் இது எடை கூடுகிறது, இதற்குப் பெரிய வண்டிமேல் கோபம், இன்னும் பெரிய வண்டியாகப் பார்த்தால் பயந்துவிடும் என்று நாங்கள் நம்பினோம். லாரிக்காரனுக்கு எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான், இன்னும் இரண்டு சக்கரம்.

சம்பூரணத்துக்கு மட்டும் கணக்கு வேறாக இருந்தது. ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு டன்.

பத்து நாளைக்கு ஒருமுறை ராயன் போன் செய்வார். வேறு பேச்சு ஏதும் இருக்காது.

"இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்ப நான் இன்னொரு லோடு போயிட்டு வந்தர்றேன்."

முதலில் அவளுக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. போகாமல் இருக்கிறாரே, போன் செய்கிறாரே என்று. பிறகுதான் மெல்ல உறைத்தது. படகு போனால் அவர் படகோடு போவார். படகு இருந்தாலோ அவர் ஊருக்கே வரமாட்டார். எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்த மனிதர் ஜன்னலில் வந்து நிற்கப் போவதில்லை, ஒரு சுவிட்சை அணைத்து வைத்து இவள் காப்பாற்றியது ஒன்றுமே இல்லை. அவள் அழுதாள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆனால் அழுதாள்.

நாற்பதாம் நாள் எண் ஐம்பத்தெட்டைத் தொட்டது. அறுபது டன் தாங்குகிற மேடை அது. அவளுடைய அப்பா நின்று கட்டிய சிமெண்டுச் சுவரில் விரல் நுழைகிற விரிசல் விட்டது, இரும்புத் தகடு முனகுகிற சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது. அன்று மதியம் போன் வந்தது.

"இன்னும் இருக்குதுங்களா?"

"கவுஹாத்தியில இருக்கறீங்களா?" என்றாள் அவள்.

"எப்படிங்க தெரியும்?"

"எடை சொல்லுதுங்க. நீங்க தூரம் போகப் போக இது கனக்குது. மொதல் நாளே எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு பலகையை நாந்தான் அணைச்சு வெச்சேன். இது உங்களைத் தேடி வந்துருக்குது. நீங்க போயிருவீங்கன்னு பயந்துக்கிட்டு நான் யாருகிட்டயும் சொல்லலைங்க."

லாரிகள் போகிற சத்தத்துக்கு நடுவே ராயன் பேசினார். இத்தனை வருடம் எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசியவர், அப்போதுதான் தன் சொந்தப் பேச்சில் பேசினார் என்று சம்பூரணம் பின்னாளில் சொன்னாள்.

"எம் பேரு கஸ்பார்ராயன். அது எங்க போட்டு. எனக்கும் எங்கண்ணன் மிக்கேலுக்கும் சொந்தம். எங்கம்மா பேரு அது. ஒருநாள் வலை இழுக்கும்போது அண்ணன் தவறி விழுந்துட்டான், போட்டைத் திருப்புனேன், மூணு நாளு தேடுனேன், கிடைக்கல. கரைக்குக் கொண்டாந்து கட்டிப் போட்டுட்டு, அதுக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம பஸ் ஏறிட்டேன் பாத்துக்கங்க. மனுசங்ககிட்ட சொல்லாம வந்ததுகூட எனக்கு உறுத்தல. அதுக்கிட்ட சொல்லாம வந்ததுதான்."

"மேடை உடையப் போகுதுங்க," என்றாள் சம்பூரணம். "உடைஞ்சா உடையட்டும். ஆனா அது ஆறு வருசமா காத்துக்கிட்டு இருந்து, இத்தனை தொலைவு நடந்து வந்துருக்குது. நீங்க இன்னும் தள்ளிப் போனா எங்க போயி நிக்குங்க அது?"

அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் மேஜைமுன் உட்கார்ந்தாள். மாலைவரை ஐம்பத்தெட்டாகவே இருந்த எண், விளக்கு வைக்கிற நேரத்தில் ஐம்பத்தேழு ஆனது.

அதன்பிறகு ஆறு நாள் சம்பூரணம் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தே அவரை வழிநடத்திக் கூட்டிவந்தாள். நாற்பதுக்கு வந்தபோது சாப்பிட்டீர்களா என்று எண்ணிடம் கேட்டாள். இருபத்திரண்டில் அரை நாள் அப்படியே நின்றது. நாக்பூரில் டயர் மாற்றுகிறார்போல என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள், பிறகு தெரிந்தது, ஆரஞ்சு வாங்க நின்றிருக்கிறார். பதிமூன்று, ஹைதராபாத். ஆறு, பெங்களூர். அன்று காலை தலைக்கு ஊற்றிக்கொண்டு, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, வெளிப்பலகையின் சுவிட்சைப் போட்டாள்.

ஊரே பலகைக்குக் கீழே கூடியது. ஐந்து என்று காட்டியது, நாலு என்று காட்டியது, மூன்று ஆனபோது ராயனின் லாரி முக்கில் திரும்பியது. அவர் இறங்கி வந்து, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், படகின் பக்கத்தில் போய் நின்று பலகையில் உள்ளங்கையை வைத்தார். உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை. பலகையில் எண் குறைந்துகொண்டே வந்து, மூன்று சுழியமாக நின்றது.

சென்னிமலை பலகையைப் பார்த்தார், ராயனைப் பார்த்தார், ஜன்னலில் நின்ற சம்பூரணத்தைப் பார்த்தார். "ஏனம்மிணி, நாப்பத்தாறு நாளா எங்களை முட்டாளாக்கி வெச்சிருந்தியா?"

"ஆமாங்க மாமா."

"ம். மூணு சங்கிலி போச்சு."

"ஆமாங்க மாமா."

"செரி, போ. மனசு அப்படித்தான்." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உடனே எங்கள் பக்கம் திரும்பினார். "அப்ப இனி எந்த வண்டி வேணாலும் இழுக்கும். ஒரு டாட்டா ஏஸ் போதுமே?"

"இழுக்க வண்டி வேணாங்க," என்றார் ராயன். "பிடிக்கத்தான் வண்டி வேணும்."

எங்களுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். இப்போது இதற்குக் கனமே இல்லை. நான் கூடவே இருந்தால் இது தானாகவே போகும். மதுரை தாண்டிக் கடல் காற்று அடித்தால் ஓட ஆரம்பிக்கும், முன்னால் பலம் குறைந்த வண்டி இருந்தால் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், பள்ளம் மேடு பார்க்காது. இஞ்சின் பெரிசா என்று பார்க்காதீர்கள், பிரேக் எப்படி என்று பாருங்கள். சங்கிலியும் வேண்டாம், கயிறும் வேண்டாம், இரும்புக் கம்பி பூட்டுங்கள். கயிறு இழுக்கத்தான் ஆகும், பிடித்து நிறுத்த ஆகாது.

நாற்பது வருடமாக வண்டி ஓட்டுகிறவர்கள் நாங்கள், ஏற்றத்தில் இழுக்கிறவன் டிரைவர் அல்ல, இறக்கத்தில் பிடிக்கிறவனே டிரைவர் என்று ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவர்கள், இது எங்களுக்குத் தோன்றவில்லை. எல்லோரும் திரும்பிச் செல்லாண்டியைப் பார்த்தோம். செல்லாண்டி இருபது வருடமாகக் கொல்லிமலைக்கு வண்டி ஓட்டுகிறவன், எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பலாப்பழத்தோடு இறங்குகிறவன், சமவெளியிலும் அதே வேகத்தில் வருவதால் அவனை ஆமை என்றுதான் கூப்பிடுவோம், டீக்கடைப் பேச்சில் அவன் வண்டியின் பெயர்கூட அடிபட்டதில்லை. அவன் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தான். "நாளைக்குக் கெளம்பலாங்க. பிரேக் கட்டை புதுசு போட்டுக்கறேன்."

மறுநாள் காலை முப்பது லாரிகள் பின்னால் வரக் கிளம்பினோம், வேலை இருந்தவர்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். ராயன் படகில் நின்றார். சம்பூரணம் எடைமேடை அறையைப் பூட்டி, செல்லாண்டியின் பக்கத்தில் ஏறிக்கொண்டாள், வழியனுப்பிவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். ஆரஞ்சுப் பொட்டலம் மடியில் இருந்தது, ஒன்றைக்கூட உரிக்கவில்லை. திரும்பி வருவீங்களா என்று கேட்கத்தான் அவளுக்கு வாய் துறுதுறுத்தது. கேட்டால் அவர் வருகிறேன் என்று சொல்லிவிடுவார், அது அவருக்காகச் சொன்னதாக இருக்காது என்று கேட்கவில்லை.

ராயன் சொன்னதுபோலவே நடந்தது. திண்டுக்கல்வரை படகு சாதுவாக வந்தது. மதுரையைத் தாண்டியதும் மூக்கை நிமிர்த்தியது. கம்பியில் முதலில் ஒரு தட்டு, பிறகு ஒரு முட்டு, பிறகு விடாத தள்ளு. சாலை தெற்கே சரியச் சரியச் செல்லாண்டி இரண்டாவது கியரில் வைத்து, பிரேக்கை மிதிப்பதும் விடுவதுமாக, கன்றுக்குட்டியைக் கயிற்றில் கூட்டிப்போகிறவன் மாதிரி பேசிக்கொண்டே போனான். "இருடா கண்ணு, போலாம், போலாம், எங்க போயிருது கடலு." பின்னால் வந்த எங்களுக்கு பிரேக் கட்டை தீய்கிற வாசனை அடித்தது. அருப்புக்கோட்டையில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தோம், எட்டயபுரத்தில் மறுபடி ஊற்றினோம். அன்றுமுதல் எங்கள் ஊரில் ஒருவரும் செல்லாண்டியை ஆமை என்று சொன்னதில்லை.

சிப்பிக்கரை என்ற அவருடைய ஊரின் மணலில் நாங்கள் போய் இறங்கியபோது சாயங்கால வெயில் இருந்தது. முப்பது டிரைவர்களும் முதல்முறையாக நின்று கடலைப் பார்த்தோம். ஓடமும் ஒருநாள் என்று ஆரம்பித்த ஒருவனும் பாதியில் நிறுத்திக்கொண்டான். ராயனுக்குத் தெரிந்தவர்கள் சிலர் வந்து தூரத்தில் நின்றார்கள், ஒரு பெரியவர் மட்டும் கைகூப்பினார். கம்பியைக் கழற்றினோம். தண்ணீருக்கு ஐம்பதடி இருந்தது, நல்ல சரிவு. வழியெல்லாம் துள்ளிக்கொண்டு வந்த படகு இப்போது பாய்ந்துவிடும் என்று எல்லோரும் விலகி நின்றோம்.

படகு நகரவில்லை.

நகரவில்லை என்பது மட்டுமல்ல, நாங்கள் பார்க்கப் பார்க்கத் தள்ளுமேடையின் பதினாறு சக்கரமும் மணலில் இறங்கின. ராயன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் ஆட்கள் உடனே ஆரம்பித்துவிட்டார்கள்: பத்துச் சக்கர வண்டியைப் பின்னால் விட்டுத் தள்ளலாமா, இரண்டு வண்டியைப் பக்கவாட்டில் கட்டலாமா, தூத்துக்குடியில் பெரிய இழுவை வண்டி கிடைக்குமே, போன் போடு. ஜமால் மேஸ்திரி மணலில் குச்சியால் சக்கரப் படம் போட்டார்.

சம்பூரணம் அவர்களுக்கு நடுவே நடந்து போய், சக்கரம் புதைந்த ஆழத்தைக் குனிந்து பார்த்தாள். பதினாறு வருடம் எடை போட்டவளுக்கு மேடை தேவையில்லை. ராயனை அண்ணாந்து பார்த்தாள். அவர் முன்னால் இருந்த கடலைப் பார்க்கவில்லை. படகேறியதிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவளைத்தான். இத்தனை தூரமும் அவர் முன்னால் போன கேபினைப் பார்த்தபடி வந்ததால் வழியில் கனம் தெரியவில்லை, இப்போதுதான் அவள் கரையிலும் அவர் படகிலுமாக ஆகியிருந்தார்கள்.

"ஏனுங்க," என்றாள் சம்பூரணம். "பதினஞ்சு டன் இருக்குது இப்ப. இவங்க நாளெல்லாம் வண்டியே தேடுவாங்க."

"தெரியும்."

"அப்ப வாயத் தொறந்து கேளுங்க. ஆறு வருசமா பொட்டலமாத்தான் குடுத்துக்கிட்டிருக்கறீங்க."

ராயன் சுக்கானை விட்டுவிட்டு விளிம்புக்கு வந்து, இரண்டு கையையும் கீழே நீட்டினார். "ஏறுறீங்களா?"

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க. கெணத்துல எறங்குனதுகூட இல்ல."

"நானிருக்கேன்."

அவள் எடைமேடைச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து ஜமால் மேஸ்திரியிடம் கொடுத்தாள். விரிசலுக்கு சிமெண்டு பூசிவிடச் சொன்னாள், நான் வந்து பார்க்கும்போது சரியாக இருக்க வேண்டும் என்றாள். ஆரஞ்சுப் பொட்டலத்தை முதலில் மேலே எறிந்தாள். பிறகு செல்லாண்டி குனிந்து நின்றான், அவன் தோளில் கால்வைத்து, ராயனின் கையைப் பிடித்து ஏறினாள். அவளுடைய கால் மணலை விட்டதும் பதினாறு சக்கரமும் ஒரே பெருமூச்சாக மேலே எழும்பின. தள்ளுமேடை சரிவில் தானாக உருண்டு, தண்ணீரில் இறங்கியது, கித்தேரியம்மாளைக் கடல் கையில் வாங்கிக்கொண்டது.

மூன்றாவது அலையிலேயே சம்பூரணத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள், எடுத்துவிட்டுச் சிரித்தாள், மறுபடி எடுத்தாள்; ராயன் சுக்கானை ஒரு கையிலும், கனகாம்பரத்தோடு அவள் பின்னலை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, அவள் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். கடலையே பார்த்துக்கொண்டிருந்த முப்பது டிரைவர்களும், அந்த நேரம் பார்த்து, அவரவர் வண்டிக்குப் போய்க் குனிந்து டயரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தோம்.